மகள் ஏ லெவலில் நாடகம் எடுக்கலாமா?

நீங்கள் கேட்டது இதுதான். மகள் லண்டனில் இயர் 11 படிக்கிறாள், செப்டம்பரில் சிக்ஸ்த் ஃபார்ம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முன் ஏ லெவல் படிக்கும் இரண்டு வருடங்கள் (இயர் 12, 13). உயிரியலும் இரசாயனவியலும் முடிவாகிவிட்டன. மூன்றாவதாக நாடகம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். மருத்துவம் படிக்கும் எண்ணமும் இருக்கிறது. சொந்தக்காரர்கள் "அது ஆடிப் பாடுற பாடம், சும்மா ஏ கிடைக்கும்" என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படித்த உங்கள் கணவர் மட்டும் "எடுக்கட்டும்" என்கிறார். இதற்கிடையில், வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பிள்ளைக்கு இது சரிவருமா என்பது உங்கள் கவலை.

நான் சிக்ஸ்த் ஃபார்மில் இந்தப் பாடத்தைக் கற்பிப்பவன். அதனால் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள். நம் வீடுகளில் இந்தப் பாடத்தைப் பற்றிப் பயப்படுவது ஒன்று, உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று. மதிப்பு இல்லை, மருத்துவம் கிடைக்காது என்பது முதல் பயம். அதற்குப் பெரிதாக ஆதாரம் இல்லை. இரண்டாவது, நேரம். அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

முதலில் மருத்துவத்தை முடித்துவிடுவோம். பிரிட்டனில் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கேட்பது இரசாயனவியல், உயிரியல் இரண்டையும், அல்லது அவற்றில் ஒன்றோடு இன்னோர் அறிவியல் பாடத்தையோ கணிதத்தையோ. மூன்றாவது பாடம் என்னவென்று பெரும்பாலும் கேட்பதில்லை. ஜெனரல் ஸ்டடீஸ், கிரிட்டிகல் திங்கிங் போன்ற சிலவற்றை மட்டும் ஒதுக்குகிறார்கள். அந்த மூன்றாவதிலும் ஏ வேண்டும், அவ்வளவுதான். கேம்பிரிட்ஜ் வேறு கதை: அங்கே மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானோர் மூன்று அறிவியல் அல்லது கணிதப் பாடங்களோடு வருகிறார்கள். மகளின் கண் அங்கேதான் என்றால் நாடகம் அவளுக்குத் துணை நிற்காது. மற்ற இடங்களுக்கு, அவள் விரும்பும் நான்கைந்து கல்லூரிகளின் நுழைவுத் தகுதிப் பக்கங்களை ஒரு மாலை உட்கார்ந்து வாசித்தாலே போதும்.

உங்கள் உறவினர்களின் பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய பட்டியல் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரஸ்ஸல் குழு என்ற கூட்டமைப்பில் உள்ள முன்னணிப் பல்கலைக்கழகங்கள் ஒரு காலத்தில் சில பாடங்களை "வழிசெய்யும் பாடங்கள்" என்று தனியாகப் பட்டியலிட்டிருந்தன. கணிதம், அறிவியல், ஆங்கில இலக்கியம், வரலாறு, புவியியல், மொழிகள் எல்லாம் அதில் இருந்தன. நாடகம் இல்லை. அந்தப் பட்டியலை 2019இல் கைவிட்டுவிட்டார்கள். பட்டியல் போனாலும் அதன் பேச்சு எங்கள் கோயில் மண்டபங்களில் இன்னும் உலாவுகிறது. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸின் புள்ளிக் கணக்கிலும் பாடத்துக்குப் பாடம் வித்தியாசம் இல்லை: ஏ ஸ்டாருக்கு 56, ஏக்கு 48, பிக்கு 40, அது இயற்பியலாக இருந்தாலும் நாடகமாக இருந்தாலும்.

சரி, "சும்மா ஏ கிடைக்கும்" என்பதற்கு வருவோம்.

இன்றைய பாடத்திட்டம் 2016 செப்டம்பரில் தொடங்கியது. பெயர் நாடகமும் அரங்கும். இங்கிலாந்தில் நான்கு பரீட்சைச் சபைகள் நடத்துகின்றன: ஏக்யூஏ, எடெக்ஸெல், ஓசிஆர், எடுகாஸ். எதுவானாலும் எழுத்துப் பரீட்சை 40 சதவீதம், செய்முறை சார்ந்த பகுதி 60 சதவீதம். இந்த 60ஐப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல் நடிப்புத்தானே" என்று பிள்ளைகளே ஏமாந்துபோகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு மாறும்.

ஏக்யூஏயை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் தாங்களே ஒரு நாடகத்தை உருவாக்கும் பகுதிக்கு 60 புள்ளிகள், மொத்தத்தில் 30 சதவீதம். அந்த 60இல் மேடையில் செய்வதற்கு 20தான். மிச்சம் 40 செயற்குறிப்பேட்டுக்கு. அதாவது எந்த யோசனை எங்கிருந்து வந்தது, எதை ஏன் தூக்கி எறிந்தோம், எந்தக் கலைஞரின் முறையை எப்படிப் பயன்படுத்தினோம் என்று எழுதும் ஏடு. அடுத்த பகுதியில் மூன்று வெவ்வேறு நாடகங்களிலிருந்து மூன்று பகுதிகளைச் செய்து பார்க்க வேண்டும். மூன்றாவதைத்தான் வெளியிலிருந்து வரும் பரீட்சகர் முன் ஆற்றுகை செய்வார்கள். அதற்கு 40, கூடவே எழுதும் அறிக்கைக்கு 20. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பிள்ளை மேடையில் நின்று பெறும் புள்ளி மொத்தத்தில் 30 சதவீதம்.

எடெக்ஸெலில் பிரிப்பு வேறு மாதிரி. நாடகம் உருவாக்கும் பகுதி 40 சதவீதம், அதன் 80 புள்ளிகளில் 60 செயற்குறிப்பேடு போன்ற தொகுப்பேட்டுக்கு, 20 ஆற்றுகைக்கு. எழுதப்பட்ட நாடகத்தை நடிக்கும் பகுதி 20 சதவீதம். கூட்டினால் அங்கேயும் மேடைக்கு 30தான்! எழுத்துக்கு அவ்வளவு பழக்கமில்லாத பிள்ளைகள் தொகுப்பேட்டின் ஒரு பகுதியைப் பேசிப் பதிவுசெய்து கொடுக்கலாம் என்பது எடெக்ஸெலில் ஒரு சலுகை. ஆனாலும் அதற்குள் இருக்க வேண்டிய சிந்தனை ஒன்றுதான்.

ஆக, இந்த இரண்டு சபைகளிலும் எழுபது சதவீதம் எழுதிப் பெற வேண்டிய பாடம் இது. இயர் 12 தொடக்கத்தில் வகுப்பிலேயே திறமையான நடிகன் என்று எல்லோரும் சொல்லும் பையன், இயர் 13 முடிவில் சி வாங்கிப் போவதை நாங்கள் வழக்கமாகப் பார்க்கிறோம். எழுத மாட்டான், அவ்வளவுதான் காரணம். உங்கள் மகள் இயர் 11 முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையின் ஆங்கிலத்தில் எப்படி என்று நீங்கள் சொல்லவில்லை. ஜிசிஎஸ்இயில் நாடகம் எடுக்காததைப் பல பாடசாலைகள் பொருட்படுத்துவதில்லை. ஆங்கிலம் வலுவாக இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். நியாயமும் அதுதான்.

எழுத்துப் பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் இது ஆங்கில இலக்கியத்திலிருந்து பிரிகிறது. ஏக்யூஏயில் மூன்று மணி நேரத் தாள். நாடகப் பிரதியை, குறிப்பு எதுவும் எழுதாமல், உள்ளே கொண்டுபோகலாம். இரண்டு நாடகங்களைப் பற்றிக் கேள்வி, மூன்றாவது கேள்வி பிள்ளை நேரில் பார்த்த ஓர் அரங்க நிகழ்வைப் பற்றி. எடெக்ஸெலில் இரண்டரை மணி நேரம். அங்கே பார்த்த நாடகத்தைப் பற்றி 500 சொற்கள் வரை குறிப்பு எழுதிக்கொண்டு போகலாம்.

நோர்வே நாடகாசிரியர் இப்சனின் ஹெடா காப்ளர் நாடகத்தை வைத்துச் சொல்கிறேன். 1890இல் எழுதியது, ஏ லெவல் வகுப்புகளில் அடிக்கடி வரும் நாடகம். ஹெடா ஒரு ஜெனரலின் மகள். ஒரு சாதுவான ஆய்வாளரை மணந்துகொண்டு, தேனிலவிலிருந்து திரும்பியிருக்கிறாள். அவளுடைய பழைய நண்பன் லோவ்போர்க், தேயா என்ற பெண்ணின் உதவியோடு ஒரு பெரிய நூலை எழுதி முடித்திருக்கிறான். அந்தக் கையெழுத்துப் பிரதியை அவன் தொலைக்க, அது ஹெடாவின் கைக்கு வந்து சேர்கிறது. அவள் சொல்லவில்லை. மாறாக அவன் கையில் ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மூன்றாம் அங்கத்தின் முடிவில், தனியாக, அந்தப் பிரதியைக் கணப்பில் போட்டு எரிக்கிறாள். அது தேயாவின் குழந்தை என்று முணுமுணுத்துக்கொண்டே எரிக்கிறாள்.

இலக்கிய வகுப்பில் இந்த இடத்தில் "குழந்தை என்ற உருவகம் ஏன்" என்று எழுதுவார்கள். நாடக வகுப்பில் கேள்வி: ஹெடாவாக நடிப்பவள் இந்தக் கணத்தை எப்படிச் செய்வாள்? அல்லது, ஒளியமைப்பாளர் என்ன செய்வார்? "பொறாமையும் கோபமும் தெரியும்படி நடிப்பேன்" என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. எந்தச் சொல்லில் குரல் தாழும்? தாள்களை ஒரே மூச்சில் எறிவாளா, நாலைந்தாகப் பிரித்துப் போடுவாளா? முகம் பார்வையாளர் பக்கமா, நெருப்பின் பக்கமா? ஹெடா கருவுற்றிருக்கிறாள், அதைப் பற்றி யாராவது வாயெடுத்தாலே எரிச்சல்படுகிறாள் என்பதை ஒரு மாணவி கவனித்திருந்தால், "தாள்களின் முதல் கட்டைப் போடும்போது இடது கை தன்னை அறியாமல் வயிற்றுக்குப் போகும், உடனே அதை இழுத்துக்கொண்டு இரண்டாவது கட்டை வேகமாகப் போடுவாள்" என்று எழுதலாம். இது ஒரு முடிவு, பிரதியில் அதற்குக் காரணம் இருக்கிறது, பார்ப்பவருக்குத் தெரியும். ஒளி பற்றி எழுதுபவர், அந்த அங்கம் அதிகாலையில், விளக்குத் தணிந்திருக்க, கணப்பில் நெருப்பு அணையும் தறுவாயில் தொடங்குகிறது என்ற மேடைக்குறிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். முடிவில் மேடையின் மற்ற வெளிச்சத்தையெல்லாம் குறைத்து, கணப்பின் வாயிலிருந்து மேல்நோக்கி வரும் செம்மஞ்சள் ஒளியை மட்டும் முகத்தில் விட்டால், பின்சுவரில் மாட்டியிருக்கும் அப்பாவின் படத்தின் மேல் அவளுடைய நிழல் விழும்படி செய்யலாம். அப்பா ஜெனரல் என்பதும் துப்பாக்கிகள் அவருடையவை என்பதும் நினைவிருந்தால், அந்த நிழலுக்கு ஏன் புள்ளி கொடுக்க வேண்டும் என்று பரீட்சகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்படி மூன்று மணி நேரம் எழுத வேண்டும். சும்மா கிடைக்கும் ஏ அல்ல.

உங்கள் கணவரிடம் கேட்டால் இன்னொரு வித்தியாசம் சொல்வார். ஊரில் அவர் படித்த பாடத்தில் அரங்க வரலாற்றுக்கு நல்ல இடம் இருந்தது: கிரேக்க அரங்கு, சமஸ்கிருத அரங்கு, நம் கூத்து மரபுகள். இலங்கையில் தமிழில் நாடகத்தை ஒரு பாடமாகப் படிப்பிக்க முடிந்ததற்குப் பின்னால் பெரும் உழைப்பு இருக்கிறது. பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தது, குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியது எல்லாம் அந்தக் கதையில் வரும். இங்கே ஏ லெவலில் வரலாறு தனியாக இல்லை. படிக்கும் நாடகத்தின் காலத்தையும் சமூகத்தையும் அறிந்திருக்க வேண்டும், அதோடு சரி. வரலாறு குறைவு, முறை அதிகம் என்று சொல்லலாம்.

முறை என்றது, அரங்கக் கலைஞர்கள் வகுத்த வழிகளை. ரஷ்யாவின் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, ஜெர்மனியின் பிரெக்ட், பிரான்சின் ஆர்த்தோ மூவரும் அநேகமாக எல்லா வகுப்பிலும் வருவார்கள். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் நாடகக்காரர் பெர்கொஃப், கொம்ப்ளிசிதே, ஃபிரான்டிக் அசெம்ப்ளி ஆகிய நாடகக் குழுக்கள் என்று ஆசிரியருக்குப் பிடித்தவர்கள். ஒரு பாத்திரத்தின் நோக்கம் என்ன, அவள் இந்த அறைக்குள் எங்கிருந்து வருகிறாள் என்று உள்ளிருந்து தேடுவது ஸ்டானிஸ்லாவ்ஸ்கி வழி. ஆர்த்தோ 1931இல் பாரிஸில் பாலித் தீவு நடனக்காரர்களைப் பார்த்து அசந்துபோய், சொல்லை விட்டு ஒலியாலும் உடலாலும் பார்வையாளரைத் தாக்கும் அரங்கைக் கற்பனை செய்தவர். ஃபிரான்டிக் அசெம்ப்ளிக்காரர்கள் இரண்டு பேரை நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, கையை வைப்பது, தட்டிவிடுவது, சாய்வது என்று வசனமே இல்லாமல் ஓர் உறவைக் கட்டுவார்கள்.

பிரெக்டிடம் வரும்போது தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. நடிகர் பார்வையாளரோடு நேரடியாகக் கதைப்பது, நடுவில் பாட்டு வந்து கதையை நிறுத்துவது, "இது நாடகம்தான், மறந்துவிடாதே" என்று நினைவூட்டிக்கொண்டே இருப்பது: இதையெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் விசித்திரமாகப் பார்ப்பார்கள். கூத்தில் கட்டியகாரன் செய்வது வேறென்ன? அரசன் வந்து தன் வரவைத் தானே பாடி அறிவிப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. பிரெக்டும் 1935இல் மாஸ்கோவில் மெய் லான்ஃபாங் என்ற சீன நடிகரின் ஆற்றுகையைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தைச் சீன நடிப்போடு சேர்த்து எழுதினார். மகள் கூத்துப் பார்த்திருக்காவிட்டால் கணவர் ஒரு பழைய பதிவைத் தேடிப் போட்டுக் காட்டட்டும். குறிப்பேட்டில் நாலு வரிக்கு அது உதவும், வீட்டில் இரண்டு பேருக்கும் கதைக்க ஒரு விஷயமும் கிடைக்கும்.

பிள்ளைகள் தாங்களே நாடகம் உருவாக்கும் பகுதியில் ஒரு எச்சரிக்கை. ஏதோ ஒரு தூண்டுபொருளிலிருந்து, ஒரு படமோ செய்தியோ நினைவோ, சின்னக் குழுவாகச் சேர்ந்து பிரதி இல்லாத நாடகத்தை ஒத்திகையிலேயே கட்டி எழுப்புவார்கள். நம் பிள்ளைகள் பலர் போரை எடுத்துக்கொண்டு வருவார்கள். அம்மம்மா சொன்ன 1995 இடப்பெயர்வு, முகாம், தொலைந்த மாமா. எடுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதை சோகமானது என்பதற்காகப் புள்ளி இல்லை. ஒரு இரவில் யாழ்ப்பாணமே நடந்து போனதை ஐந்து பேர் எப்படிக் காட்டுவார்கள்? அழுதுகொண்டு மேடையைக் கடந்தால் போதுமா? ஐந்து நாற்காலிகளை மட்டும் வைத்து, பின்னால் இருக்கும் நாற்காலியை எடுத்து முன்னால் வைத்து முன்னால் வைத்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி மூன்று நிமிடம் ஒரே இடத்தில் நடக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாற்காலி பின்தங்கி விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு வடிவம் இருக்கிறது. அந்த வடிவத்துக்கு எப்படி வந்தோம், எதை முயன்று கைவிட்டோம் என்பதுதான் குறிப்பேடு. நம் கதையை மூன்று மணி நேர அரங்காக எப்படிச் செய்யலாம் என்பதற்கு, எஸ். சக்திதரன் எழுதி 2019இல் சிட்னியில் மேடையேறிய கவுண்டிங் அண்ட் கிராக்கிங் ஓர் உதாரணம். இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறைக் கதை, 2022இல் எடின்பரோவுக்கும் பர்மிங்காமுக்கும் வந்தது. லண்டனிலேயே, 1978இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அவைக்காற்று கலைக் கழகம் இருக்கிறது. அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் த கிளாஸ் மெனாஜெரி நாடகத்தைக் கண்ணாடி வார்ப்புகள் என்று தமிழில் மேடையேற்றியவர்கள் அவர்கள். அந்த நாடகத்தின் ஆங்கில மூலத்தை ஏ லெவலுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கூச்சத்துக்கு வருகிறேன். மேடைக்கான அந்த 30 சதவீதத்தை நடித்துத்தான் பெற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒளி, ஒலி, காட்சியமைப்பு, உடை போன்ற ஒன்றை எடுத்து வடிவமைப்பாளராக மதிப்பிடப்படலாம். ஏக்யூஏயில் நெறியாள்கை, பாவை அமைப்பு கூட உண்டு. ஒளிக்கு என்றால், விளக்குகள் எங்கே தொங்குகின்றன என்ற வரைபடம், எந்த வசனத்துக்கு எந்த ஒளி என்ற அட்டவணை எல்லாம் தயாரிக்க வேண்டும். அறிவியல் பிடித்த பிள்ளைகளுக்கு இது நன்றாகவே ஒத்துவரும். ஆனால் ஒன்று: வடிவமைப்புக்குத் தேவையான கருவிகளும் சொல்லித்தர ஆளும் அந்தப் பாடசாலையில் இருக்க வேண்டும். நான்கு பழைய விளக்கும் உடைந்த பலகையும் மட்டும் இருக்கும் இடத்தில் ஒளியமைப்பை எடுக்காதீர்கள்.

நடிக்கத்தான் விருப்பம் என்றால், கூச்சமுள்ள பிள்ளைகள் இதில் தோற்றுப்போவதை நான் அதிகம் பார்த்ததில்லை. வகுப்பறையில் கை தூக்கிப் பேசுவதும், எழுதிக் கொடுத்த இன்னொருத்தியின் சொற்களைப் பேசுவதும் வேறு வேறு திறமைகள். குழுவில் ஒத்துப்போகாத பிள்ளைதான் இங்கே கஷ்டப்படும். யாரோ ஒருவர் ஒத்திகைக்கு வரமாட்டார், இன்னொருவர் எல்லாவற்றையும் தானே முடிவெடுப்பார். புள்ளி தனித்தனியாகத்தான் போடப்படுகிறது. இருந்தாலும் வராதவனோடு சேர்ந்து ஒரு காட்சியைச் செய்வது சுலபமில்லை.

இப்போது நேரம். உண்மையில் நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் வீட்டில் படிக்கலாம், இரவு பதினொரு மணிக்கும் படிக்கலாம். ஒத்திகையை அப்படிச் செய்ய முடியாது. மற்ற நாலு பேருக்கும் ஒழிந்த நேரத்தில், பாடசாலை மண்டபம் காலியாக இருக்கும்போது, மாலை ஆறு மணி வரை நிற்க வேண்டும். ஆற்றுகைக்கு முந்தின இரண்டு மூன்று வாரம் சனிக்கிழமையும் போகும். தமிழ்ப் பள்ளி, பரத வகுப்பு, டியூஷன் எல்லாம் சனிக்கிழமைதான் என்பது உங்களுக்குத் தெரியும். பல பாடசாலைகளில் பிள்ளைகள் உருவாக்கும் நாடகம் இயர் 12 கோடையில் தொடங்கி இயர் 13 முதல் தவணையில் முடியும். மருத்துவத்துக்கான யூகேட் நுழைவுப் பரீட்சை ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. மருத்துவ விண்ணப்பம் யூகாஸுக்குப் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் அக்டோபர் 15. நேர்முகத் தேர்வுகள் குளிர்காலத்தில். பரீட்சகர் முன் ஆற்றுகை பெரும்பாலும் வசந்த காலத்தில். பார்க்கிறீர்களா? இரண்டு பாதைகளும் ஒன்றோடொன்று மோதும் இடம் அந்தச் செப்டம்பர், அக்டோபர்தான். முடியாது என்று சொல்லவில்லை. யூகேட்டை ஜூலை கடைசியிலோ ஓகஸ்ட் தொடக்கத்திலோ எழுதி முடித்துவிடும்படி திட்டமிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். நான்காவது ஏ லெவலாகக் கணிதத்தையும் சேர்த்துக்கொண்டு நாடகத்தையும் வைத்திருக்கும் திட்டம் இருந்தால் அதை மட்டும் கைவிடுங்கள்.

இதில் ஓர் எதிர்ப்பக்கமும் உண்டு. மருத்துவக் கல்லூரிகளின் நேர்முகத் தேர்வுகள் பல இடங்களில் சின்னச் சின்ன நிலையங்களாக நடக்கின்றன. சிலவற்றில் ஒரு நடிகர் நோயாளியாகவோ உறவினராகவோ உட்கார்ந்திருப்பார், அவரிடம் கெட்ட செய்தி சொல்ல வேண்டும். இரண்டு வருடம் மற்றவர் முகத்தைப் பார்த்து எதிர்வினை செய்து பழகிய பிள்ளை அந்த அறையில் திணறாது. இதற்காக மட்டும் நாடகம் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

நாடகம் பார்க்கும் செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாடசாலை வருடத்துக்கு ஒன்றிரண்டு கூட்டிப்போகும், அது பரீட்சைக்குப் போதும், பிள்ளைக்குப் போதாது. லண்டனில் இருப்பது இங்கே பெரிய அதிர்ஷ்டம். ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்கில் முற்றத்தில் நின்று பார்க்கும் டிக்கெட் குறைந்த விலையில் இருக்கிறது. நேஷனல் தியேட்டரில் 16 முதல் 25 வயது வரைக்கும் மலிவு டிக்கெட் உண்டு. ஏர்ல்ஸ்ஃபீல்டில் தாரா தியேட்டர் சின்ன அரங்குதான், ஆனால் 1976இல் சவுத்ஹோலில் குர்தீப் சிங் சக்கர் என்ற சீக்கிய இளைஞர் இனவெறித் தாக்குதலில் கொல்லப்பட்ட கோபத்தில், அடுத்த வருடம் தெற்காசிய இளைஞர்கள் தொடங்கியது. அங்கே ஒரு தடவையாவது போகட்டும். பார்த்து வந்த இரவே அரைப் பக்கம் எழுதிவைக்கச் சொல்லுங்கள்: எந்த நேரத்தில் ஒளி எப்படி மாறியது, எந்த நடிகர் எங்கே நின்றார், நான் எந்த இடத்தில் முன்னால் குனிந்தேன். "அருமையாக இருந்தது" என்பதை எழுத வேண்டாம். ஒரு மாதத்துக்குப் பிறகு நினைவில் மிஞ்சுவது அந்த ஒரு சொல்தான், பரீட்சைக்கு அதனால் பிரயோசனம் இல்லை.

மருத்துவம் வேண்டாம், நாடகமேதான் என்று நாளை மகள் மனம் மாறினால்? மாறலாம், பதினேழு வயதுதானே. ராடா, லாம்டா, கில்ட்ஹோல், சென்ட்ரல் போன்ற நாடகப் பள்ளிகள் நடிப்புக்கு ஆள் எடுப்பது நடிப்புத் தேர்வை வைத்து. ஏ லெவல் நாடகம் அங்கே உதவுமே தவிர, அதுதான் சீட்டைத் தீர்மானிப்பதில்லை. போட்டி கடுமை: ராடாவின் நடிப்புப் பட்டப் படிப்பில் ஒரு வருடத்துக்குச் சேர்ப்பது முப்பதுக்கும் குறைவான பேரை, விண்ணப்பங்களோ ஆயிரக்கணக்கில். அதே பள்ளிகளில் மேடை நிர்வாகம், ஒளி, ஒலி படிப்புகளுக்கு வாய்ப்பும் வேலையும் அதிகம், நம் பெற்றோர் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. மருத்துவத்துக்கும் நாடகத்துக்கும் நடுவில் ஒரு தொழிலும் இருக்கிறது: நாடகச் சிகிச்சை. பிரிட்டனில் அது சட்டப்படி பதிவு வேண்டிய சுகாதாரத் தொழில், முதுகலைப் படிப்பு தேவை, மனநல மருத்துவமனைகளிலும் பாடசாலைகளிலும் வேலை. மகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

முழுக்க நடிப்பும் மேடையும்தான் வேண்டும், கட்டுரை பிடிக்காது என்றால் ஏ லெவலை விட பிடெக் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் என்ற தொழில்சார் படிப்பு பொருத்தம். குரொய்டனில் 1991இல் தொடங்கிய பிரிட் ஸ்கூல் மாதிரிக் கட்டணமில்லாத கலைப் பாடசாலையும் இருக்கிறது. ஆனால் உயிரியல், இரசாயனவியல் எண்ணம் உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பாதை வேண்டாம்.

கடைசியாக, பாடசாலையின் திறந்த நாளுக்குப் போகும்போது நாடக ஆசிரியரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். எந்தப் பரீட்சைச் சபை, சென்ற வருடம் எத்தனை பேர் எடுத்தார்கள்? 2010களிலிருந்து இந்தப் பாடத்தை எடுப்பவர்கள் நன்றாகக் குறைந்துவிட்டார்கள், அதனால் ஆள் போதாமல் செப்டம்பரில் வகுப்பையே நிறுத்திவிடும் பாடசாலைகள் இருக்கின்றன. ஆகவே "எத்தனை பேர் சேர்ந்தால் வகுப்பு நடக்கும்?" என்று நேராகவே கேளுங்கள். பிள்ளைகளின் நாடகம் எந்த மாதம் மேடையேறும், மாலை ஒத்திகை எத்தனை மணி வரை என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாட்காட்டியில் அந்த மாதங்களை யூகேட் திகதிகளோடு பக்கத்தில் பக்கத்தில் குறித்துப் பார்த்துவிட்டு மகளோடு உட்காருங்கள். சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றாலும், பெரும்பாலான சிக்ஸ்த் ஃபார்ம்களில் முதல் சில வாரங்களுக்குள் பாடம் மாற்ற விடுவார்கள். அந்தக் கெடு எந்தத் திகதி என்பதையும் அன்றே கேட்டுக்கொண்டு வாருங்கள்.